நாரை நிற்கும் கரை

சங்கப் பாடல்களை வகுப்பில் நடத்தும் நமக்கு, நாரை என்றதும் நெய்தல் நிலமும் கழிக்கரையும் நினைவுக்கு வருவது இயல்பு. அடுக்குமாடிகள் சூழ்ந்த நகரின் நடுவே, நடைபயில்வோருக்குச் சில அடி தொலைவில் மீனுக்காக அசையாது நிற்கும் சாம்பல் நாரையைச் சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில்தான் முதன்முதலில் கண்டோம். அப்பறவை அங்கே நிற்பதற்குப் பின்னால், ஒரு நகரம் தன் ஆற்றை இருமுறை மாற்றிய வரலாறு உண்டு.

பூங்காவின் ஊடே ஓடுவது காலாங் ஆறு. நீளம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான். ஆயினும் அத்தீவின் மிக நீண்ட ஆறு அதுவே. ஒரு காலத்தில் பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணைகளின் கழிவும், சாக்கடை வசதியற்ற குடிசைகளின் கழிவும், தெருவோர உணவுக்கடைகளின் எச்சமும் காலாங் ஆற்றிலும் சிங்கப்பூர் ஆற்றிலும் கலந்தன. 1977 பிப்ரவரியில், பத்தாண்டுகளுக்குள் இவ்விரு ஆறுகளிலும் மீன்பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ அறிவித்தார். சொன்னபடியே 1987இல் பணி முடிந்தது.

அதற்கு மனிதர் கொடுத்த விலை சிறிதன்று. சுமார் 26,000 குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஏறக்குறைய 5,000 தெருவோர வணிகர்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டனர். குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் பன்றி வளர்த்துப் பிழைத்தவருக்கு அடுக்குமாடியில் அத்தொழில் ஏது?

நீர் தூய்மையாயிற்று, கரை மட்டும் இல்லை. வெள்ளத்தை விரைந்து கடத்துவதற்காக, பீஷான் பகுதியில் ஆறு 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் காங்கிரீட் வாய்க்காலாக்கப்பட்டிருந்தது. நாரைக்குக் காலூன்ற ஆழமற்ற ஓரம் வேண்டும்; மீன் ஒதுங்கக் கல்லும் புல்லும் வேண்டும். செங்குத்துச் சுவர் இவற்றில் எதைத் தரும்?

இரண்டாவது மாற்றம் 2012இல் நிறைவுற்றது. வாய்க்காலை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினர். உடைத்த காங்கிரீட்டின் ஒரு பகுதி பூங்காவிலேயே சிறு குன்றாகக் குவிக்கப்பட்டது. பெருமழையில் ஆறு 100 மீட்டர் அகலம் வரை பரந்து புல்வெளியை மூட இடம் விடப்பட்டுள்ளது. நீர் உயர்ந்தால் எச்சரிக்கை ஒலி எழும். விலங்குகள் எவற்றையும் யாரும் கொண்டுவந்து விடவில்லை. நாரையும் வெண்கொக்கும் மீன்கொத்தியும் நீர் உடும்பும் தாமே வந்தன. நீர்நாய்க் குடும்பம் ஒன்றும் வந்து குட்டி ஈன்றது.

இதை இயற்கை மீண்டது என்று சொல்லிவிட முடியுமா? 2008இல் கட்டிமுடிக்கப்பட்ட மரினா அணை கடலை வெளியே நிறுத்தியதால், இவ்வாற்றின் முகத்துவாரம் இன்று நன்னீர்த் தேக்கம். நெய்தலின் பறவை, நெய்தல் இல்லாத ஆற்றில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த திலாப்பியா மீனைக் கொத்தி உண்கிறது. ஆயினும் அதன் பொறுமை பழைய பொறுமையே.

கூவத்தைச் சீரமைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர் சிங்கப்பூரைச் சுட்டிக்காட்டுவர். கூவக் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களை நாம் அறிவோம். அகற்றுதல் என்னும் முதல் பாதியை நாமும் கற்றுக்கொண்டோம். ஆற்றுக்கு அகலத்தைத் திருப்பித் தரும் இரண்டாம் பாதியை இன்னும் கற்கவில்லை. காலாங் நாரையை வியப்போர் அந்த 26,000 குடும்பங்களையும் சேர்த்தே நினைவிற்கொள்வதுதான் நேர்மையான வரலாறு என்று நமக்குத் தோன்றுகிறது.