பாட்டு ஒருவருடையது, பட்டா இன்னொருவருடையது!

ஒரு பாடல் யாருக்குச் சொந்தம்? எழுதியவருக்கா, மெட்டமைத்தவருக்கா, பாடியவருக்கா? நம்மில் பெரும்பாலோர் இந்த மூவரில் ஒருவரைத்தான் சுட்டிக் காட்டுவோம். ஆனால், உலகப் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றின் உரிமைப் பத்திரத்தில் இந்த மூவர் பெயருமே இருப்பதில்லை. அங்கே இருப்பது ஓர் இசைப் பதிப்பு நிறுவனத்தின் பெயர்!

இதற்குப் பீட்டல்ஸ் குழுவினரின் கதையைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

பதிப்பு நிறுவனத்தின் வேலை என்ன?

ஒரு பாட்டுக்குள் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. வரிகளுக்கும் மெட்டுக்குமான உரிமை ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்கான உரிமை மற்றொன்று. ஒலிப்பதிவு இசைத்தட்டு நிறுவனத்தின் கையில் இருக்கும். வரிகளையும் மெட்டையும் கவனித்துக்கொள்வதுதான் பதிப்பு நிறுவனத்தின் வேலை.

இசைத்தட்டு விற்றாலும், வானொலியில் ஒலித்தாலும், மேடையில் வேறொருவர் பாடினாலும், திரைப்படத்திலோ விளம்பரத்திலோ பயன்படுத்தினாலும் அந்தப் பாட்டுக்குக் காசு உண்டு. உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் இந்தச் சில்லறையைத் திரட்டி, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியைப் பாடலாசிரியருக்குக் கொடுக்கிறது பதிப்பு நிறுவனம். பல ஒப்பந்தங்களில் முன்பணமும் உண்டு. வரும் வருமானத்தில் அது கழிந்த பிறகுதான் பாடலாசிரியர் கைக்கு மறுபடி காசு வரும். இந்தச் சேவைக்கெல்லாம் ஈடாக, பழைய ஒப்பந்தங்களில் பாடலாசிரியர் தம் காப்புரிமையையே எழுதிக் கொடுத்து விடுவது வழக்கம். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

புரியாமல் போட்ட கையெழுத்து

1963-ஆம் ஆண்டு. ஜான் லென்னனும் பால் மெக்கார்ட்னியும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள். அவர்களின் பாடல்களுக்காகவே 'நார்தர்ன் சாங்ஸ்' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. இருவருக்கும் தலா 20 விழுக்காடு. அவர்களின் நிர்வாகி பிரையன் எப்ஸ்டைனுக்கு 10 விழுக்காடு. மீதிப் பாதி பதிப்பாளர் டிக் ஜேம்ஸுக்கும் அவர் கூட்டாளி சார்ல்ஸ் சில்வருக்கும். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதே அப்போது தங்களுக்குச் சரியாக விளங்கவில்லை என்று மெக்கார்ட்னி பின்னாளில் கூறியிருக்கிறார்.

1965-இல் வரிச்சுமையைக் குறைக்கும் நோக்கில் நிறுவனத்தின் பங்குகள் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தன. லென்னன், மெக்கார்ட்னி ஆகியோரின் பங்கு தலா 15 விழுக்காடாகக் குறைந்தது. பாடல்கள் இப்போது யார் வேண்டுமானாலும் பணம் கொடுத்து வாங்கக்கூடிய சரக்காகி விட்டன! 1967-இல் எப்ஸ்டைன் காலமானார். இரு தரப்புக்கும் பாலமாக இருந்த மனிதர் போய்விட்டார்.

1969 மார்ச் மாதம். லென்னன் தேனிலவில் இருந்த நேரம். ஜேம்ஸும் சில்வரும் தங்கள் பங்குகளை ஏடிவி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனத்திற்கு விற்று விட்டார்கள். பாடல்களை எழுதிய இருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லென்னன் அந்தச் செய்தியை அறிந்ததே நாளிதழைப் படித்துத்தான்.

எஞ்சிய பங்குகளை வாங்கி நிறுவனத்தைக் காப்பாற்ற இருவரும் முயன்றனர். அந்தப் பேச்சுவார்த்தையின்போதுதான், மெக்கார்ட்னி தம்மைவிடக் கூடுதலான பங்குகளை வாங்கி வைத்திருப்பது லென்னனுக்குத் தெரிய வந்தது. நண்பர்களுக்கிடையே விரிசல் மேலும் பெரிதானது. முயற்சி தோற்றது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இருவரும் தங்கள் பங்குகளையும் ஏடிவியிடமே விற்று வெளியேறினர்.

அதே குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் வேறு பாதையில் சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. நார்தர்ன் சாங்ஸுடனான தம் ஒப்பந்தம் 1968-இல் முடிந்ததும் அதை அவர் புதுப்பிக்கவில்லை. 'ஹாரிசாங்ஸ்' என்ற தம் சொந்த நிறுவனத்தில் பாடல்களைச் சேர்த்தார். 1969-இல் வெளிவந்து உலகைக் கவர்ந்த 'சம்திங்', 'ஹியர் கம்ஸ் தி சன்' இரண்டும் அவரிடமே தங்கின.

மெக்கார்ட்னி சொன்ன ஆலோசனை

1980-களின் தொடக்கத்தில் மைக்கல் ஜாக்சன் மெக்கார்ட்னியுடன் இணைந்து பாடினார். பணத்தை எதில் முதலீடு செய்யலாம் என்ற பேச்சு எழுந்தபோது, பாடல் உரிமைகளை வாங்குவது நல்லது என்று சொன்னவரே மெக்கார்ட்னிதான். அப்படியானால் உங்கள் பாடல்களையே வாங்குகிறேன் என்று ஜாக்சன் சொன்னதை அவர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். 1985-இல் ஏடிவி இசைப் பதிப்பகத்தை 47.5 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஜாக்சன் வாங்கியபோதுதான் அது வேடிக்கை இல்லை என்பது புரிந்தது!

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். பீட்டல்ஸ் பாடல்களின் வருமானம் முழுவதும் ஜாக்சனுக்குப் போகவில்லை. பாடலாசிரியர் பங்கு மெக்கார்ட்னிக்கும் லென்னன் குடும்பத்திற்கும் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் இழந்தது இரண்டு: பதிப்பாளர் பங்கு, முடிவெடுக்கும் அதிகாரம். 1987-இல் 'ரெவலூஷன்' பாடல் நைக்கி காலணி விளம்பரத்தில் ஒலித்தது. பாடலின் காப்புரிமை கையில் இல்லாத மெக்கார்ட்னியால் அதைத் தடுக்க முடியவில்லை.

1995-இல் ஜாக்சன் தம் பதிப்பகத்தைச் சோனி நிறுவனத்தின் பதிப்புப் பிரிவுடன் இணைத்தார். 'சோனி ஏடிவி' பிறந்தது. அவர் 2009-இல் மறைந்தார். அவரது பாதிப் பங்கை 2016-இல் சோனி 750 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2021 முதல் அதன் பெயர் சோனி மியூசிக் பப்ளிஷிங்.

ஐம்பத்தாறு ஆண்டுக் காத்திருப்பு

அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் படைப்பாளிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது. 1978-க்கு முந்திய பாடல் என்றால், காப்புரிமை பெற்று 56 ஆண்டுகள் கழித்து அமெரிக்க உரிமையைத் திரும்பக் கேட்கலாம். குறைந்தது ஈராண்டுகளுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மெக்கார்ட்னி அவ்வாறே அறிவிப்புகள் அனுப்பினார்.

ஆனால் 2016 டிசம்பரில் ஓர் இடி விழுந்தது. இதைப் போன்ற உரிமையைக் கோரிய டுரான் டுரான் குழுவினரின் ஒப்பந்தம் ஆங்கிலச் சட்டத்திற்கு உட்பட்டது, அதை மீற முடியாது என்று லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பு, சோனி ஏடிவி குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம். தமக்கும் அதே கதி நேரக்கூடாது என்று 2017 ஜனவரியில் மெக்கார்ட்னி நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை.

நிறுவனங்களும் சற்று இறங்கி வந்திருக்கின்றன. 2000-க்கு முன் ஒப்பந்தமான, தகுதிபெற்ற பாடலாசிரியர்களுக்கு, பழைய முன்பணம் கழியாமல் நிலுவையில் இருந்தாலும் உரிமத் தொகை வழங்கப்படும் என்று 2021-இல் சோனி பதிப்பகம் அறிவித்தது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். மெக்கார்ட்னிக்கு மிஞ்சியது உழக்கல்ல. அவர் பெரும் செல்வந்தர். வழக்குப் போடவும் அவருக்கு வசதி இருந்தது. ஒரே ஒரு பாட்டால் பெயர் பெற்று, ஒரே ஒரு தாளில் அதை எழுதிக் கொடுத்துவிட்டவருக்கு அந்த வசதி ஏது? எழுதுகோலைப் பிடிக்கத் தெரிந்த கை, ஒப்பந்தத்தைப் புரட்டிப் படிக்கவும் பழக வேண்டும். கையெழுத்துப் போட ஒரு நிமிடம் போதும். அதைத் திரும்பப் பெற ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆகலாம்!