சிங்கப்பூரில் பேய் நம்பிக்கைகள்

சிங்கப்பூரின் பேய் நம்பிக்கைகள் மலாய், சீன, தமிழ் மரபுகள் ஒரே தீவில் அக்கம்பக்கமாக வாழ்ந்து வளர்ந்தவை. இவற்றைப் பற்றிய பழைய பதிவுகளுள் ஒன்று, 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த ‘ஹிகாயத் அப்துல்லா’ என்னும் தன்வரலாறு. அதை எழுதிய முன்ஷி அப்துல்லா, நாகூரில் மணம் புரிந்து குடியிருந்த யேமன் நாட்டு அரபியர் ஒருவரின் வழிவந்தவர், தமிழும் கற்றவர். மலாய் மக்கள் அஞ்சிய பெனாங்காலான், போலோங் முதலிய பேய்களைப் பற்றிக் கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவருக்கு விளக்கியதை அதில் எழுதியிருக்கிறார். அவர் இவற்றை நம்பியவர் அல்லர். ஆயினும் கேள்விப்பட்டதை விரிவாகவே எழுதிவைத்தார்.

மலாய்ப் பேய்களுள் பெயர் பெற்றது பொந்தியானாக். கருவுற்ற நிலையிலோ பேற்றின்போதோ இறந்த பெண்ணின் ஆவி இது என்பர். வாழை மரத்தில் தங்கும், ஈழத்தலரிப் பூவின் மணம் அதன் வருகையைக் காட்டும், பிடரியில் ஆணி அறைந்தால் அழகிய பெண்ணாக அடங்கிவிடும் என்பவை பரவலான நம்பிக்கைகள். 1900இல் ஆங்கிலேய ஆய்வாளர் ஸ்கீட் வெளியிட்ட மலாய் மாந்திரிகம் பற்றிய நூலில் தாயின் ஆவி லங்சுயிர். இறந்து பிறந்த குழந்தையே பொந்தியானாக். பிற்காலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அப்படி இறந்த பெண் பேயாகாதிருக்க வாயில் கண்ணாடி மணிகளும், அக்குள்களில் முட்டையும், உள்ளங்கைகளில் ஊசியும் வைத்தனர் என்றும் அந்நூல் கூறுகிறது.

ஜப்பானில் இதே துயரம் உபுமே என்னும் பேயானது. கைக்குழந்தையோடு வழியில் நின்று, அதைச் சற்று வாங்கிக்கொள்ளும்படி வழிப்போக்கரைக் கேட்கும் தாய் அவள். தமிழகத்தில் கருவோடு இறந்தவளின் நினைவாகச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டனர். பேறுகால மரணம் மலிந்திருந்த சமூகங்கள் அத்துயரைத் தாங்கிக்கொள்ளக் கண்ட வழிகளாகவே இவற்றைக் கொள்ள வேண்டும்.

சீனர்களின் ஏழாம் மாதம் பசித்த ஆவிகளுக்கு உரியது. நரகில் பசியால் வாடிய தாயைப் புத்தரின் சீடர் மொகல்லானர் மீட்ட பௌத்தக் கதையே இதற்கும் ஜப்பானின் ஓபோன் விழாவுக்கும் பொதுவான வேர். அம்மாதத்தில் குடியிருப்புப் பேட்டைகளில் தாள் பணம் எரிப்பர். கெத்தாய் எனும் மேடைப் பாட்டு நடைபெறும். முன்வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்காகக் காலியாக விடப்படும். கெத்தாய் தோன்றியது ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1942–45), லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசாரின் நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில். அவ்விடத்தில் இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிறது.

தமிழருக்கும் பேய் புதிதன்று. பூம்புகாரின் சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விட்ட சார்ங்கலன் என்னும் இளைஞனின் கதை மணிமேகலையிலேயே உண்டு. புலம்பெயர்ந்த தொழிலாளர் முனியையும் உடன் கொண்டுவந்தனர். ஊரில் இரவில் அடிக்கும் என்று அஞ்சப்பட்ட முனி, இங்கே காவல் தெய்வமாக நிலைபெற்றார். குவீன்ஸ்டவுன் வட்டாரத்து முனீஸ்வரன் கோயில் 1932இல் ரயில்வே தொழிலாளர் எழுப்பிய சிறு வழிபாட்டிடமாகத் தொடங்கியது.

திரையில் பொந்தியானாக்கை நிலைநிறுத்தியவர் ஓர் இந்தியர். தமிழில் ‘சாலிவாகனன்’ (1945) இயக்கிய பி. என். ராவ், கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக மரியா மெனாடோ நடிப்பில் ‘பொந்தியானாக்’ (1957) எடுத்தார். அந்த மலாய்ப் படத்தை எல்லா இனத்தவரும் திரண்டு பார்த்தனர். அதன் பிரதி இன்று இல்லை என்பது பெரும் இழப்பு. அதே பேயைக் கொண்டு 2019இல் சிங்கப்பூர் இயக்குநர் கிளென் கோய், கேவின் யாப்புடன் இணைந்து மீண்டும் மலாயில் ஒரு படம் எடுத்தார்.