முடக்கமும் உறக்கமும்: தசைத்தளர்த்தி மருந்துகளின் வரலாறு

மொழியியல் பயின்ற ஒருவன் மருந்தின் வரலாற்றைப் பேச வருவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். அறுவை சிகிச்சையின்போது செலுத்தப்படும் தசைத்தளர்த்தி மருந்துகளின் வரலாற்றில், பெயரால் விளைந்த குழப்பம் நோயாளியின் துன்பமாக முடிந்த கட்டங்கள் உண்டு. ஆதலின் இப்பொருளில் மொழியியலார்க்கும் சிறிது பங்குண்டு.

அம்பு நஞ்சு

தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ ஆற்றுப் பகுதிகளில் வாழ்ந்த பழங்குடியினர், காட்டுக்கொடிகளின் பட்டையைக் காய்ச்சி வடித்த குழம்பை அம்பு முனையில் தடவி வேட்டையாடினர். அந்நஞ்சின் பெயரை ஐரோப்பியப் பயணிகள் தத்தம் செவிக்கு எட்டியவாறு ஊராலி, ஊராரி, குராரே எனப் பலவாறு எழுதிவைத்தனர். பின்வந்த வேதியியலார் அதனை அடைத்து வந்த கலத்தைக் கொண்டே வகைப்படுத்தினர். மூங்கிற்குழலில் வந்தது ஒரு வகை. மட்கலத்தில் வந்தது ஒரு வகை. சுரைக்குடுக்கையில் வந்தது மற்றொரு வகை. 1935இல் ஹெரால்டு கிங் குழல்வகையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் டியூபோகுராரின் எனப் பெயர் பெற்றது. அப்பெயரின் முற்பகுதி குழலையே குறிக்கும். மருந்தின் செயலைப் பற்றி அது ஒன்றும் கூறாது.

செயலை அறிய ஆய்வுகள் தேவைப்பட்டன. 1814இல் இலண்டனில், குராரே செலுத்தப்பட்ட பெண்கழுதை ஒன்றின் மூச்சுக்குழலில் துளையிட்டுத் துருத்தியால் காற்றூதினர். அது பிழைத்தெழுந்து பல்லாண்டு வாழ்ந்தது. இந்நஞ்சு மூச்சை நிறுத்தியே கொல்கிறது, மூச்சைப் பிறர் அளித்தால் உயிர் நிற்கும் என்பது அப்போது விளங்கிற்று. 1850களில் பிரெஞ்சு உடலியலறிஞர் குளோடு பெர்னார்டு, நரம்பும் தசையும் தனித்தனியே நலமாக இருக்க, அவை இணையும் இடத்திலேயே குராரே தடை செய்கிறது என மெய்ப்பித்தார். நரம்பு முனையில் சுரக்கும் அசெட்டைல்கோலின் தசைக்குச் சேரவேண்டிய இடத்தை அது முன்னதாகவே பற்றிக்கொள்கிறது என்பது பின்னர் அறியப்பட்டது. உணர்வும் அறிவும் இயங்கும் மூளையை அது தீண்டுவதில்லை.

அறுவை அரங்கில்

1942 சனவரி 23ஆம் நாள், மொண்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் குடல்வால் அறுவை ஒன்றில் குராரேயைப் பயன்படுத்தினர். அதுவரை வயிற்றுத் தசைகள் தளர வேண்டுமாயின், மயக்கத்தை மிக ஆழமாக்க வேண்டியிருந்தது. அதனால் இதயமும் மூச்சும் இடருற்றன. இப்போதோ இலேசான மயக்கமே போதுமானதாயிற்று. கிரிஃபித்தின் நோயாளி முன்னரே வளிமருந்தால் உறக்கத்தில் ஆழ்ந்திருந்தார் என்பது கருதத்தக்கது.

அந்த ஒழுங்கை எல்லாரும் பின்பற்றவில்லை. குராரே பெற்றவர் அசையாது கிடந்ததைக் கண்ட சிலர், அது உணர்வையும் நீக்கும் என எண்ணினர். இந்த ஐயத்தைத் தீர்க்க, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்காட் ஸ்மித் என்னும் மயக்கவியல் மருத்துவர் தம்மையே ஆய்வுக்கு உட்படுத்திக்கொண்டார். உடல் முழுதும் முடங்குமாறு டியூபோகுராரின் அவர்க்குச் செலுத்தப்பட்டது. உடனிருந்தோர் அவர்க்கு மூச்சளித்தனர். அசைவு சிறிதேனும் எஞ்சியிருந்தவரை அவர் வினாக்களுக்குச் சைகையால் விடையளித்தார். அதுவும் ஒழிந்த பின்னரும் அனைத்தையும் கேட்டார், உணர்ந்தார். மீண்டபின் நடந்தவற்றை எடுத்துரைத்தார். இம்முடிவு 1947இல் வெளியாயிற்று. நாவும் இதழும் குரல்வளையும் தசைகளாலேயே இயங்குவன. அவை முடங்கியபோது ஸ்மித் இழந்தது பேச்சை மட்டுமே. மொழி உள்ளே விழித்திருந்தது.

1954இல் பீச்சர், டாட் என்னும் இருவர் 10 மருத்துவமனைகளின் ஏறத்தாழ 600,000 மயக்கமளிப்புகளை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு மருத்துவ உலகை அதிரவைத்தது. மயக்கமளிப்பு சார்ந்த இறப்பு, தசைத்தளர்த்தி பெற்றோரிடையே 370க்கு ஒன்று. பெறாதோரிடையே 2,100க்கு ஒன்று. மருந்தின் நச்சுத்தன்மையே காரணம் என்று அவர்கள் கருதினர். மூச்சுத் துணை போதாமையும், அறுவை முடிந்தபின் மருந்தின் எச்சம் நீங்காமையுமே பெருங்காரணம் எனப் பிறர் மறுத்தனர்.

பாதுகாப்பு முறைகள் அவ்விவாதத்தின் வழியே வளர்ந்தன. மணிக்கட்டு நரம்பில் அடுத்தடுத்து நான்கு மின்தூண்டல் அளித்து, முதல் துடிப்போடு நான்காம் துடிப்பை ஒப்பிடும் முறை 1970 அளவில் லிவர்பூலில் உருவாயிற்று. அவ்விகிதம் 0.9ஐ எட்டிய பின்னரே மூச்சுக்குழாயை அகற்றுதல் இன்றைய நெறி. குறைந்தால், நோயாளி கண் விழித்திருந்தும் விழுங்கவும் இருமவும் வலுவின்றித் தவிப்பார். எச்சத்தை நீக்க நியோஸ்டிக்மின் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. 2008இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்ற சுகமாடெக்ஸ், ரோகுரோனியம் போன்ற சில மருந்துகளின் மூலக்கூறுகளைத் தன்னுள் அடக்கிச் செயலறச் செய்கிறது.

எனினும் இடர் முற்றும் ஒழியவில்லை. ஐக்கிய இராச்சியத்திலும் அயர்லாந்திலும் நடைபெற்று 2014இல் வெளிவந்த தேசியத் தணிக்கையின்படி, அறுவையின்போது தன்னுணர்வு பெற்றதாகத் தெரிவித்தோர், தசைத்தளர்த்தி அளிக்கப்பட்ட பொதுமயக்கங்களில் ஏறத்தாழ 8,000க்கு ஒருவர். அளிக்கப்படாதவற்றில் 136,000க்கு ஒருவர்.

பெயரும் பொறுப்பும்

இலக்கணத்தில் மயக்கம் என்பது கலத்தலைக் குறிக்கும். வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் என்பன நாம் அறிந்தவை. நம் வழக்கில் "மயக்க மருந்து" என்னும் ஒரே தொடர் உறக்கம் தருவது, வலி நீக்குவது, தசையை முடக்குவது ஆகிய மூன்றையும் கலந்து சுட்டுகிறது. "தசைத்தளர்த்தி" என்னும் சொல்லோ இதமான ஓய்வை நினைவூட்டுகிறது. முதுகுவலிக்கு உண்ணும் மாத்திரைக்கும் அப்பெயரே வழங்குகிறது. ஆங்கிலத்திலும் இதே இடர் உணரப்பட்டமையால், அமெரிக்காவில் இம்மருந்துக் குப்பிகளின் மூடிமீது இது முடக்கும் மருந்து என்னும் எச்சரிக்கை பொறிக்கப்படுகிறது. தமிழில் இதனைத் "தசைமுடக்கி" என வழங்குதல் தகும் என்பது என் கருத்து.

இது கலைச்சொல்லாக்கக் குழுவோடு முடிந்துவிடும் செய்தியன்று. நம் முதியோர் பலர்க்கு மருத்துவமனையில் மருத்துவரின் சொல்லைத் தமிழில் எடுத்துரைப்பவர் மகனோ மகளோ பெயர்த்தியோ ஆவர். "மயக்க ஊசி போடுவார்கள்" என்று அவர்கள் நிறுத்திவிடாமல், உறங்க ஒன்று, வலி நீங்க ஒன்று, தசை அசையாதிருக்க ஒன்று எனப் பிரித்துச் சொல்லவேண்டும். முன்னர் அறுவையின்போது விழித்திருந்த நினைவோ, அறுவைக்குப்பின் மூச்சும் அசைவும் மீளக் காலந்தாழ்த்திய நிகழ்வோ தமக்கோ குடும்பத்தினர்க்கோ உண்டாயின், அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். முடங்கிக் கிடக்கும்போது நோயாளியால் எதையும் கூற இயலாது. ஆதலின் கூறவேண்டியவற்றை முன்னரே கூறிவிடுதல் நன்று.