வாத்தின் மூக்கும் தேர்த் தொம்பையும்

ரிஷிவந்தியத்தில் குடிகொண்டிருப்பவர் அர்த்தநாரீஸ்வரர். தேனபிஷேகத்தின்போது லிங்கத்தில் அம்மன் உருவம் தெரியும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. பாதி ஆண், பாதி பெண்ணாக வடிக்கப்படும் அர்த்தநாரீஸ்வர உருவத்தில் சிற்பிக்குப் பெரிய சவால், இரு பாதிகளும் சேருகிற நடுக்கோடு. ஒரு பக்கத்தின் இடுப்பும் மறு பக்கத்தின் இடுப்பும் ஒரே உடம்பில் பொருந்தியாக வேண்டும். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பவர்களுக்கும் கவலை அந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

அமெரிக்கப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே தைத்துவரும் ஒட்டுப் போர்வை வடிவங்களில் ஒன்றுக்கு ‘ஃப்ளையிங் கீஸ்’ என்று பெயர், பறக்கும் வாத்துகள். பெரிய முக்கோணம் வாத்து, அதன் இரு தோளிலும் உட்காரும் சிறு முக்கோணங்கள் வானம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வரிசை கட்டிப் பறக்கும் கூட்டம் தெரியும். இமயத்தைத் தாண்டி நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கு வலசை வரும் வரித்தலை வாத்துகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

பார்க்க எளிது, தைக்கத்தான் கடினம். நான்கு அங்குல அகலமும் இரண்டு அங்குல உயரமும் உள்ள ஒரு வாத்து வேண்டுமானால் 4½க்கு 2½ அங்குலத்தில் ஒரு செவ்வகமும், 2½ அங்குலத்தில் இரண்டு சதுரங்களும் வெட்ட வேண்டும். கூடுதலாக உள்ள அரை அங்குலம், பக்கத்துக்குக் கால் அங்குலமாகத் தையலுக்குள் போய்விடும். சதுரத்தைச் செவ்வகத்தின் மூலையில் வைத்து மூலைவிட்டமாகத் தைத்து, மிச்சத்தை வெட்டி, மடித்துத் தேய்க்க வேண்டும். மறு மூலைக்கும் அப்படியே. முடிந்ததும் முக்கோணத்தின் நுனி, துணியின் மேல் விளிம்பைத் தொடாமல் கால் அங்குலம் கீழே நிற்கும். புதிதாகத் தைப்பவர்கள் அதைத் தவறு என்று நினைத்துப் பிரித்துவிடுவதுண்டு. அந்தக் கால் அங்குலம் அடுத்த வாத்தை இணைக்கும் தையலுக்கானது. அது இல்லாவிட்டால் வாத்துக்கு மூக்கு போய்விடும்.

நம் ஊர் டெய்லர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் விஷயமும் இங்கே விளையாடும். இழைக்குச் சாய்வாக வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும். வெட்டிய பிறகு தைத்தால் கோணும். சதுரமாகவே வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு வெட்டுகிற மேற்சொன்ன முறை அதனால்தான் வந்தது. துணியை வீணாக்க மனம் வராதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: 5¼ அங்குலத்தில் ஒரு பெரிய சதுரம், 2⅞ அங்குலத்தில் நான்கு சிறு சதுரங்கள். ஒரே மூச்சில் நான்கு வாத்துகள் கிடைக்கும். கணக்கு மட்டும் தப்பக்கூடாது. ஒவ்வொரு தையலிலும் பக்கத்துக்கு ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்தாலே போதும், பத்து வாத்து அடுக்கியதும் வரிசை ஒரு அங்குலத்துக்கு மேல் குட்டையாகிவிடும்.

அடிமைகள் தப்பிச் செல்லும் திசையைக் காட்ட இந்த வாத்துப் போர்வைகளைக் கொடியில் தொங்கவிட்டார்கள் என்றொரு கதை, 1999இல் வெளிவந்த ஒரு புத்தகத்தால் பரவியது. கேட்க அழகான கதைதான். சான்று போதாது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

சான்றுள்ள கதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் ஏறத்தாழ 1708இல் தைக்கப்பட்ட போர்வை ஒன்று உள்ளது. அந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுப் போர்வைகளில் அதுவும் ஒன்று. அதில் வெட்டி இணைக்கப்பட்டிருப்பவை இந்தியச் சீட்டித் துணிகள். அந்தக் காலத்தில் சீட்டிக்குப் பேர்போனது சோழமண்டலக் கரை. ரிஷிவந்தியம் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காட்டின் கடலோரத்தில், கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் வாங்கியதற்குத் துணி வணிகமும் ஒரு காரணம். சீட்டி மோகம் தாங்காமல் பிரான்ஸ் 1686இலேயே தடை போட்டது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் கொண்டுவந்தது. தடை செய்த துணியின் துண்டுக்கும் மதிப்பு ஏறத்தானே செய்யும்?

துணி நம்முடையது, வெட்டி ஒட்டும் ஆசை அவர்களுடையதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. திருவிழா நாளில் தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்துக் கைவினைஞர்கள் தைக்கும் உருளை வடிவத் தொங்கல்கள் அவை. சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை, கறுப்பு எனத் துணிகளைப் பூவாக, கிளியாக, யாளியாக வெட்டி, அடித்துணியின்மேல் வைத்துத் தைக்கிறார்கள். விளிம்பில் முக்கோண வரிசை, கீழே குஞ்சம்.

இங்கே முக்கோணம் வேறு விதமாக வேலை செய்கிறது. போர்வையில் முக்கோணங்களே துணி. அவற்றை இணைக்கும் தையல் பிரிந்தால் ஓட்டைதான். தொம்பையில் முக்கோணம் அடித்துணியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நூலிழை பிசகினாலும் கீழே நிற்பவருக்குத் தெரியாது. தேர் அசையும், காற்று இழுக்கும், பார்ப்பவர் தெருவில் நிற்பார். அந்தத் தூரத்துக்கு வேண்டியது அடித்துப் பேசும் நிறம். கால் அங்குலக் கணக்கு மடியில் விரித்துப் பார்க்கும் போர்வைக்கு உரியது.

இன்னொன்றும் உண்டு. வேட்டியையும் சேலையையும் வெட்டாமல் தைக்காமல் உடுத்துவதே சுத்தம் என்று கருதிய ஊர் இது. ஒட்டுப்போட்ட சட்டை என்றால் வறுமை என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பையனின் கால்சட்டையில் வேறு நிறத்தில் ஒரு ஒட்டு தெரிந்தால் போதும், வகுப்பே சிரிக்கும். அதே ஒட்டு சாமியின் தேரில் ஏறியதும் ஆடம்பரமாகிவிடுகிறது. மனிதர்கள் தங்கள் உடம்பில் கூசிய கத்தரி வேலையைக் கடவுளுக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள் என்றே தோன்றுகிறது.

தேரின் மரவேலைக்கு ரிஷிவந்தியம் இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டமே போதும். கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி உருவங்களும் வாகனங்களும் செதுக்கும் கைகள் இங்கேயே இருக்கின்றன. மரச் சிற்பம் வெயிலையும் மழையையும் பல ஆண்டு தாங்கும். பக்கத்தில் தொங்கும் தொம்பைக்கு அந்த ஆயுள் இல்லை. சாயம் வெளுத்து, குஞ்சம் உதிர்ந்து, ஒட்டின் ஓரம் பிரியத் தொடங்கியதும் புதிதாகத் தைக்கச் சொல்லிவிடுவார்கள். இறக்கிய பழையதை யாரும் ஒட்டுப்போடுவதில்லை.