கண்டி மாநகரின் கட்டட விதிகளும் மழைநீரும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அரசர்களின் போர்களைக் கொண்டு கூறுவது மரபு. அந்நகரில் யார் எத்தகைய வீடு கட்டலாம் என வகுக்கப்பட்ட விதிகளைக் கொண்டும் அதனைக் கூறலாம். மலைகள் சூழ்ந்த கண்டிக்கு இவ்வழி மிகவும் பொருந்தும். ஏனெனில், அங்கே ஒருவர் தம் வளவில் எழுப்பும் சுவர், கீழே இருப்பவரின் வளவுக்கு வரும் நீரின் போக்கையே மாற்றிவிடும்.

1660ஆம் ஆண்டிலே கண்டியரசனிடம் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் அக்காலத்து வழக்கைக் குறித்துள்ளார். குடிமக்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டலாகாது. கூரைக்கு ஓடு வேயலாகாது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாகாது. வெண்மையை விரும்பியோர் ஒருவகை வெண்களிமண்ணைப் பூசித் திருப்தியடைந்தனர். ஓடும் சுண்ணாம்பும் பதவியின் சின்னங்களாக விளங்கிய காலம் அது. அன்றைய கட்டட விதி காத்தது மனிதரின் தரவரிசையையே.

நீரைக் காக்கும் பணியோ எழுதப்படாத வழக்கத்தின் பொறுப்பில் இருந்தது. கண்டிச் சீமையின் வீட்டுத் தோட்டத்தைப் பாருங்கள். பலா, தென்னை, கமுகு ஆகியன மேலே நிற்க, மிளகுக்கொடி அவற்றைப் பற்றிப் படர, நிலத்தோடு ஒட்டிக் கிழங்கும் கீரையும் வளரும். பெருமழையின் வேகம் இலைகளிலே தணிந்து, சருகுகளினூடே மெல்ல நிலத்துள் இறங்கும். வீட்டோடு சேர்ந்த நெற்களஞ்சியமும் தரையிற் படியாது, கற்களின் மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். ஈரமும் கறையானும் நெல்லை அணுகா. மழைநீரும் தடையின்றிக் கீழே செல்லும்.

நகரின் நடுவே இன்று நாம் காணும் வாவி, கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்தது. 1807ஆம் ஆண்டளவில் வயல்நிலத்துக்கு அணைகட்டும் வேலை தொடங்கியது. தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி இப்பணியோடு போற்றப்படுபவர். நாயக்கர் மரபில் வந்த அம்மன்னனுக்கு அழகுணர்ச்சி இருந்தது. ஆயினும், வேலை வாங்கப்பட்டது குடிகளின் கட்டாய ஊழியத்தால். 1815இல் கண்டி பிரித்தானியர் கைப்பட்டது. மன்னன் வேலூரிலே சிறையிருந்து 1832இல் மறைந்தான். வாவி நிலைத்தது. சுற்றியுள்ள சரிவுகளில் மண் பெயரும்போதெல்லாம் அது வந்து படிவதும் அவ்வாவியிலேயே.

பிரித்தானியர் காலத்தில் விதிகள் வேறு முகம் கொண்டன. 1865ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் கண்டிக்கும் நகராட்சி முறையை வகுத்தது. 1914இல் கொழும்பிலே கொள்ளைநோய் தோன்றியது. அடுத்த ஆண்டில் வந்த வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், கட்டுமுன் அனுமதி பெறுதலையும் வீட்டின் பின்புறம் வெளிவிடுதலையும் கட்டாயமாக்கியது. காற்றும் வெளிச்சமும் சுகாதாரமும் இவ்விதிகளின் நோக்கமாயின. தலதா மாளிகைக்கு மேலுள்ள உடவத்தகெலே வனம் 1856இல் ஒதுக்குக் காடாகவும், 1938இல் சரணாலயமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. தெற்கேயுள்ள துனுமடலாவக் காடும், அதனிடையே உள்ள நீர்த்தேக்கங்கள் நகருக்கு நீர் தருவதனாற் காக்கப்பட்டு வருகின்றது.

1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. 1988இல் கண்டிப் புனித நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2007இல் முதற்கூறிய சட்டம் திருத்தப்பட்டு, 2009இல் வெளியான விதிகளின்படி, குறித்த வகைப் புதிய கட்டடங்களில் மழைநீரைச் சேகரிக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. வழக்கம் செய்துவந்த வேலையைச் சட்டம் ஏற்கலாயிற்று.

ஆனால், சட்டத்தின் கண் பெரும்பாலும் பெருங்கட்டடத்தின் மீதே விழுகின்றது. வீட்டுக்குப் பின்னால் எழும் கார்க் கொட்டகை, விறகுக் கொட்டில், வெளிக் குசினி ஆகியவற்றை யார் பொருட்படுத்துவார்? ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். இருபது சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 500 லீற்றர் நீர் திரளும். முற்றத்துக்குச் சீமெந்து பூசினால் அதுவும் அவ்வாறே. முன்பு நிலம் பருகிய அந்நீர் இப்போது ஒரே பாய்ச்சலாகச் சரிவில் இறங்கும். மேல்வீட்டார் பத்துப் பேர் இவ்வாறு செய்தால், கீழ்வீட்டாரின் மதிற்சுவர் தாங்குமா? மழைக்காலத்திலே மண்சரிவு அச்சத்தையும், மாசி பங்குனி வறட்சியிலே வற்றிய கிணற்றையும் நாமே தேடிக்கொள்கின்றோம்.

பரிகாரம் கடினமானதன்று. கொட்டகைக் கூரைக்குப் பீலி பொருத்தித் தொட்டியில் நீர் சேர்க்கலாம். முற்றத்திற் பாதியையேனும் மண்ணாக விடலாம். அடிக்கடி நீர் கேட்கும் புற்றரைக்குப் பதிலாக, நம் மண்ணுக்குப் பழகிய மரஞ்செடிகளை நடலாம். செங்குத்தான சரிவிலே கட்ட எண்ணுவோர், மண்வெட்டி எடுப்பதற்கு முன்னரே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறவேண்டும்.

அரசன் காலத்து விதி, ஓட்டுக்கூரைக்கு உரியவர் யார் என்று கேட்டது. பிரித்தானியர் காலத்து விதி, வீட்டுக்குள் காற்று வருமா என்று கேட்டது. நம் காலத்து விதி, கூரையில் விழும் நீர் எங்கே போகும் என்று கேட்கின்றது. இம்மூன்றனுள், அயலவரின் உயிரோடு நேரே தொடர்புடையது இந்தக் கடைசிக் கேள்வியே. அதற்கு விடைகூற வேண்டிய பொறுப்பு அதிகாரிகளுக்கு மட்டுமன்று, வீடு கட்டும் ஒவ்வொருவருக்கும் உரியது.