அம்மா படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஒரு விக்கிப்பீடியா பக்கம்

இந்த எபிசோட் நான் பாதியில விட்ட ஒரு கட்டுரையைப் பத்தி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ அம்மா தான் படிச்ச ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியைக் காட்டினாங்க. ரெண்டு வகுப்பறை, ஒரு வேப்பமரம், ஓரமா சத்துணவுக் கூடம். இப்போ அங்கே படிக்கிறது 9 பிள்ளைகள். அடுத்த வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளியோட சேர்த்துருவாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு. அன்னிக்கு ராத்திரியே லேப்டாப்பைத் திறந்து தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு வரைவு ஆரம்பிச்சேன். பள்ளி எங்கே இருக்கு, எப்போ ஆரம்பிச்சது, எத்தனை வகுப்புன்னு நாலு பத்தி சரசரன்னு வந்துடுச்சு. கடைசியில "மேற்கோள்கள்"னு ஒரு தலைப்பு போட்டேன். அதுக்குக் கீழே எழுத ஒரு வரி கூட இல்லை.

பப்ளிஷ் பட்டனை அழுத்தவே இல்லை. ஆனா கேள்வி மண்டையிலேயே நின்னுடுச்சு. ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தனியா ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை தேவையா?

இது புதுச் சண்டை இல்லை. ஆங்கில விக்கிப்பீடியா 2001-ல் தொடங்கியது. ரெண்டு மூணு வருஷத்துக்குள்ளேயே பள்ளிகளைப் பத்தி அடிதடி ஆரம்பிச்சாச்சு. எல்லாத்தையும் வச்சுக்கலாம்னு ஒரு கட்சி, கண்டதையும் வைக்கக் கூடாதுன்னு ஒரு கட்சி. 2003-ல் நிறுவனர் ஜிம்மி வேல்ஸே தான் படிச்ச ராண்டால்ஃப் பள்ளியை உதாரணமா எடுத்து, சரிபார்க்கக் கூடிய தகவலோட ஒருத்தர் தன் பள்ளியைப் பத்தி எழுதினா யாருக்கு என்ன நஷ்டம்ங்கிற மாதிரி பேசினார். பிறகு நடைமுறையில் ஒரு சமரசம் வந்தது. மேல்நிலைப் பள்ளின்னா பெரும்பாலும் கட்டுரை தப்பிச்சுக்கும். தொடக்கப் பள்ளின்னா அந்த ஊர் பக்கத்துக்கோ பள்ளி மாவட்டப் பக்கத்துக்கோ திருப்பி விட்டுடுவாங்க. 2017-ல் இன்னொரு பெரிய விவாதம் நடந்து, இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக மேல்நிலைப் பள்ளிக்கும் கட்டுரை கிடையாதுன்னு ஆயிடுச்சு. இப்போ எல்லாருக்கும் ஒரே விதி: அந்தப் பள்ளியோட சம்பந்தம் இல்லாத, நம்பகமான வெளியீடுகள் அதைப் பத்தி விரிவா எழுதியிருக்கணும்.

கவனிச்சுப் பாருங்க. அந்தப் பள்ளி என்ன செஞ்சதுங்கிறது விதியில எங்கேயும் வரலை. அதைப் பத்தி யார் எழுதினாங்கங்கிறதுதான் விதி. எனக்கு முதல்ல கோபம்தான் வந்தது. அப்புறம் ஒரு கதை ஞாபகம் வந்தது.

1960 நவம்பர் 14. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரம். நீதிமன்ற உத்தரவுப்படி, வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் படிச்ச தொடக்கப் பள்ளிகளுக்குள் கறுப்பினக் குழந்தைகள் முதல் முறையா நுழையுறாங்க. வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளிக்கு ரூபி பிரிட்ஜஸ்னு ஆறு வயசுச் சிறுமி, சுத்தி மத்திய அரசு மார்ஷல்கள். அதே காலையில, அதே ஊர்ல, மெக்டொனா 19 பள்ளிக்கு இன்னும் மூணு சிறுமிகள்: லியோனா டேட், கெய்ல் எட்டியென், டெஸ்ஸி பிரிவோஸ்ட். அதே கூச்சல், அதே வசவு. ஆனா 1964-ல் நார்மன் ராக்வெல் வரைஞ்சது ரூபியை. அந்தப் படம் உலகம் பூரா போச்சு. ஃபிரான்ட்ஸ் பள்ளி 2005-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்ந்தது. மெக்டொனா 19 சேர்ந்தது 2016-ல். ஒரே நாள், ஒரே துணிச்சல், பதினோரு வருஷ இடைவெளி. எது வரலாறா பதிவாகுதுங்கிறதை சம்பவம் மட்டும் முடிவு பண்றதில்லை. பக்கத்துல யார் கையில பேனா, யார் கையில தூரிகை இருந்ததுங்கிறதும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது.

நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒரு ஆரம்பப் பள்ளிக்குக் கட்டுரை எழுதியே ஆகணும்னா என் ஓட்டு சென்னை ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளிக்கு. 1920 செப்டம்பர் 16 அன்று, சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கணும், செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது. வர்ற பிள்ளைங்க ரொம்ப ஏழைங்க, பசியில படிப்பை விட்டுடுறாங்க. காரணம் அவ்வளவு எளிமை. பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்குத் திட்டம் போச்சு. அந்த அஞ்சு பள்ளிகளிலும் சேர்த்து 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-ல் 1,671 ஆனது. ரெண்டே வருஷத்தில் ரெண்டு மடங்குக்கு மேல. நம்ம ஸ்டார்ட்-அப் ஆளுங்க இந்த கிராஃபைப் பார்த்தா அழுதுடுவாங்க. ஆனா, தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதுக்குச் செலவழிக்கக் கூடாதுன்னு பிரிட்டிஷ் அரசு சொல்ல, 1925 ஏப்ரல் 1-ஆம் தேதி திட்டம் நின்னுபோச்சு.

1950-களில் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் மதுரை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கின காலை உணவு. எதோட வரலாற்றை எழுதினாலும் முதல் வரியில ஆயிரம் விளக்கு வந்துடும். ஆனா அந்த ஒரு வரியோட சரி. அடுத்த வரியில தியாகராயர், அதுக்கடுத்த வரியில நீதிக்கட்சின்னு போயிடும். அங்கே அடுப்பு யார் மூட்டினாங்க, முதல் நாள் தட்டுல என்ன விழுந்தது, வரிசையில நின்ன பிள்ளைங்க யாரு, இதெல்லாம் அந்த வரியில இல்லை. திட்டத்துக்குப் புகழ் இருக்கு, பள்ளிக்கு இல்லை. விக்கிப்பீடியாவிலும் இதுக்கு ஒரு கொள்கை உண்டு: புகழ் வாரிசா வராது. நம்ம பாஷையில சொல்லணும்னா, பேரன்ட் கிளாஸ்ல இருந்து எதுவும் இன்ஹெரிட் ஆகாது.

இன்னும் நூறு வருஷம் பின்னாடி போனா இது அப்பட்டமாவே தெரியும். 1822-ல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டக் கலெக்டர்கள் எல்லாரையும் பள்ளிக்கூடக் கணக்கு எடுக்கச் சொன்னார். திண்ணைப் பள்ளிக்கூடம் உட்பட எல்லாத்தையும். எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைங்க, ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தெந்தச் சாதிப் பிரிவுல எத்தனை. 1826-ல் அவர் எழுதின குறிப்பில் மொத்தக் கணக்கு வருது: மக்கள்தொகை சுமார் ஒரு கோடியே 28 லட்சம், பள்ளிகள் 12,498. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. 1983-ல் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்துப் புத்தகமா போட்டதில் இருந்து, அந்தச் சாதிக் கணக்கை எப்படிப் படிக்கிறதுன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை நடக்குது. நடக்கட்டும். எனக்கு உறுத்தினது வேற. நம்ம கையில வந்து சேர்ந்தது மாவட்ட வாரியான எண்கள். கூட்டுத்தொகை இருக்கு, தனித்தனி வரிசை இல்லை. பன்னிரண்டாயிரத்து நானூத்தி சொச்சம் திண்ணையில எது யாரோட திண்ணை, எந்த வாத்தியார், எதுவும் அந்த எண்களுக்குள்ள இல்லை.

இப்போ அப்படிச் சொல்ல முடியாது. இந்தியாவில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் இருக்கு. பக்காவான பிரைமரி கீ. அம்மா பள்ளிக்கும் இருக்கு. அப்போ அந்த எண்ணை வச்சு எல்லாப் பள்ளிக்கும் பாட் மூலமா ஒரு பக்கம் உருவாக்கிட்டா என்னன்னு நானும் யோசிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு வார வேலை. ஆனா யோசிக்க யோசிக்க வேண்டாம்னு பட்டது. முதல்ல, விளம்பரம். விதியைத் தளர்த்தினா முதல்ல நுழையுறது அம்மா பள்ளி இல்லை, நீச்சல் குளத்தோட இருக்கிற தனியார் பள்ளியோட பிரவுச்சர். ரெண்டாவது இன்னும் முக்கியம். பள்ளிப் பக்கங்கள்ல விஷமத் திருத்தம் சகஜம். எவனோ ஒரு பையன் ஒரு டீச்சர் பேரைப் போட்டு அசிங்கமா ஒரு வரி சேர்த்துட்டுப் போயிடுவான். பெரிய பள்ளின்னா யாராவது பார்த்து அழிப்பாங்க. யாருமே கண்காணிக்காத 9 பிள்ளைகள் படிக்கிற பள்ளிப் பக்கத்துல அந்த வரி வருஷக்கணக்கா நிக்கும். அதனால, வாய்விட்டே சொல்றேன், அம்மா பள்ளிக்குத் தனிக் கட்டுரை வேண்டாம். விதி சரிதான்.

சரி, பிரச்சினை எங்கே? பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். பீரோவைத் திறந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வச்சார். தடிமனான நோட்டு, முனையெல்லாம் செல்லரிச்சிருக்கு. அம்மா பேர் இருந்தது. பிறந்த தேதி ஜூன் 1. அதுக்கு மேல இருக்கிறவங்களுக்கும் ஜூன் 1, கீழேயும் ஜூன் 1. தலைக்கு மேல கையைச் சுத்தி மறுபக்கக் காதைத் தொட்டா அஞ்சு வயசு, ஒண்ணாம் வகுப்பு. தேதியை வாத்தியார் போட்டுக்குவார். அந்தத் தேதியை வச்சுத்தான் எங்க அம்மாவோட ஆதார், பேன், பாஸ்போர்ட் எல்லாம். ஒரு தலைமுறைக்கே பிறந்த நாள் கொடுத்த பள்ளி அது. அந்த நோட்டுல நிறைய பேருக்கு அவங்க வீட்டுல முதல் முதலா எழுதப்பட்ட பேரு அதுதான்.

போட்டோ எடுத்துக்கலாமான்னு கேட்டேன். மாட்டேன்னுட்டார். சாதி எழுதியிருக்கு, பாதிப் பேர் உயிரோட இருக்காங்க தம்பின்னார். நியாயம்தான். ஆனா பள்ளியைப் பக்கத்து ஊரோட சேர்த்தா இந்த நோட்டு எங்கே போகும்னு கேட்டேன். "அங்கே கொண்டு போய் வைக்கணும்"னார். வைக்கணும். இடமாற்றத்துல அது ஒழுங்கா போய்ச் சேரணுமேன்னுதான் எனக்குப் பயம்.

கடைசியா நான் செஞ்சது ரெண்டே விஷயம். எங்க ஊர் கட்டுரையில பள்ளிக்குன்னு நாலு வரி சேர்த்தேன், அரசுத் தரவுல இருக்கிறது மட்டும். விக்கித்தரவுல யுடைஸ் எண்ணோட ஒரு பதிவு போட்டேன். அங்கே விதி கொஞ்சம் இளகினது. பெரியவங்க சொன்ன கதைகளை இதுல சேர்க்க முடியாது, அது சொந்த ஆய்வு. இந்த பாட்காஸ்டும் ஆதாரமா செல்லாது, நானே எனக்குச் சான்று கொடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஊர் வரலாறு எழுதுற ஒருத்தரோ, ஒரு நிருபரோ நேர்ல போய்ப் பார்த்து எழுதினாத்தான் உண்டு. மாவட்டப் பதிப்புல எழுதுற ஒரு நண்பர்கிட்ட கேட்டிருக்கேன். பள்ளி இருக்கும்போதே வாங்கன்னு சொல்லியிருக்கேன்.

அம்மாகிட்ட அந்த நாலு வரியைக் காட்டினேன். படிச்சுட்டு, "ஒண்ணாப்பு டீச்சர் பேரைப் போடலையே"ன்னாங்க. அதுக்கு ஆதாரம் வேணும்மான்னேன். "அதான் நான் இருக்கேன்ல?"

உங்க தாத்தா பாட்டி படிச்ச தொடக்கப் பள்ளியைப் பத்திப் பழைய பத்திரிகைத் துண்டு ஏதாவது வீட்டுப் பெட்டியில கிடந்தா, தேதி தெரியுற மாதிரி படம் எடுத்து அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.