இரண்டு தொட்டில்கள்

திருவண்ணாமலை தீபத் திருவிழாவில் ஒரு காட்சி உண்டு. வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள், கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, குழந்தையை அதில் கிடத்தி மாட வீதிகளைச் சுற்றி வருவார்கள். அதே மாவட்டத்துக்கு 2011-ல் அரசு வேறொரு தொட்டிலைக் கொண்டு வந்தது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் விட்டுச் செல்வதற்கான தொட்டில் அது.

இதன் கதை தெற்கே தொடங்குகிறது. 1980-களின் நடுவில் உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலைகள் பத்திரிகைகளில் வெளியாகி நாட்டையே உலுக்கின. சேலத்திலும் நிலைமை மோசம். 1991 கணக்கெடுப்பில் அங்கே ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தனர். 1992-ல் முதல்வர் ஜெயலலிதா அங்குதான் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். 1994-ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' இந்தக் கொடுமையைத் திரைக்குக் கொண்டு வந்தது.

சரி, வீட்டுக்குள் நடக்கும் கொலையை யார் கண்டுபிடிப்பது? புகார் கொடுக்க ஆள் இல்லை. உடலையும் உடனே புதைத்துவிடுவார்கள். கண்டுபிடித்தவை ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகள்தான். மூத்தது பெண்ணாக இருக்கும் வீட்டில், நல்லபடியாகப் பிறந்த இன்னொரு பெண் குழந்தை, நோய் எதுவும் இல்லாமல் சில நாட்களில் இறந்திருக்கும். இப்படிப்பட்ட இறப்புகளுக்குக் காரணம் 'சமூகக் காரணங்கள்' என்று பதிவானது. கொலை என்று எழுதினால் போலீஸ் வரும்; பெற்ற தாய் சிறைக்குப் போவாள்; செவிலியருக்கு ஊரில் கதவு திறக்காது. ஆனாலும் அந்த மழுப்பலான சொல் உண்மையை மறைக்கவில்லை.

1962-ல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய குழுவினரும் அடிபட்ட குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது வைத்த சோதனையும் இதுதான்: பெற்றோர் சொல்லும் காரணம், குழந்தையின் உடல் காட்டுவதோடு பொருந்துகிறதா? அங்கே எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது, இங்கே பதிவேடு.

ஷீலா ராணி சுங்கத், வி.பி. ஆத்ரேயா இருவரும் 1995-ஆம் ஆண்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 1997-ல் கட்டுரை வெளியிட்டனர். ஆண்டுக்குச் சுமார் 3,000 சிசுக்கொலைகள் என்பது தெரிய வந்தது. அதன்பின் தர்மபுரி கிராமங்களில் கலைப்பயண நாடகங்கள் நடந்தன. 2001-ல் தொட்டில் திட்டம் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கும் விரிந்தது. பெண்ணைக் கைவிட அரசே வழி காட்டுகிறது என்ற விமர்சனமும் கூடவே வந்தது.

இதற்கிடையே ஸ்கேன் வந்துவிட்டது. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 1996-ல் நடைமுறைக்கு வந்தும் பழக்கம் நிற்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் பெண் குழந்தை விகிதம் சரிந்திருந்ததால் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் தொட்டில் வந்தது.

அடி அண்ணாமலை முதல் ஜவ்வாது மலை வரை, பிறந்த குழந்தையைப் பார்க்க வீடு தேடி வருபவர் கிராம சுகாதார செவிலியர்தான். பிறந்து இறந்த குழந்தைக்கு அவருடைய பதிவேட்டில் ஒரு வரியாவது இருக்கும். ஸ்கேன் பார்த்துக் கருவிலேயே அழிக்கப்பட்டவளுக்கு அதுவும் இல்லை. பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் குறையும் ஓர் எண்ணாகத்தான் அவள் தெரிகிறாள்.